எகிறக் கற்பிக்கும் நீங்கள் இறங்கவும் கற்பியுங்கள்: இளம் வீராங்கனைகளின் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பயிற்சித் திட்டங்களை வகுக்கும் விளையாட்டுச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

முழங்கால் காயத்திலிருந்து மீண்டு வருவோருக்கு இயன்முறை மருத்துவம் அளிப்பது என் தொழில். என்னிடம் வருவோரில் 14, 15, 16 வயதுப் பெண் பிள்ளைகள் எப்போதும் இருக்கிறார்கள். கைப்பந்து, கூடைப்பந்து, கால்பந்து என ஆட்டம் வேறுபட்டாலும், அடிபட்ட கணத்தைப் பற்றி அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. "யாரும் என்னை இடிக்கவில்லை. குதித்தேன், இறங்கினேன், முட்டிக்குள் டப்பென்று ஏதோ அறுந்தது போல இருந்தது" என்கிறார்கள். தாங்கள் என்ன தவறு செய்தோம் என்று அவர்கள் என்னைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் சார்பில் உங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

என் சொந்த முழங்காலும் இதற்கு ஒரு காரணம். 16 வயதில், வலையருகே பந்தை ஓங்கி அடித்துவிட்டு இடது காலை மட்டும் ஊன்றி இறங்கியபோது எனக்கும் இதே காயம் நேர்ந்தது. என்னைப் பயிற்றுவித்தவர் அக்கறை மிகுந்தவர். நான் எகிறும் உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து மாதந்தவறாமல் அளந்தவர். ஆனால் நான் எப்படி இறங்குகிறேன் என்பதை அவரிடம் பயின்ற நான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் அவர் கவனித்ததில்லை, கவனிக்க வேண்டும் என்று அவருக்கும் எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. காயத்துக்குப் பிறகு, "பெண் பிள்ளைகளின் உடம்பு அப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னார். இன்று என்னிடம் வரும் பிள்ளைகளும் அதே சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

கிழிவது பெரும்பாலும் முன்சிலுவைத் தசைநார். மைதானத்தில் இதை ஏசிஎல் என்கிறோம். வீடுகளில் முட்டி ஜவ்வு என்கிறார்கள். தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே சாய்வாக இணைக்கும் இந்த நார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவு மீறித் திருகாமலும் பிடித்து வைக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளின் காயப் பதிவுகளை ஆராய்ந்து 1995ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கால்பந்தில் இரு மடங்குக்கு மேலும் கூடைப்பந்தில் ஏறத்தாழ நான்கு மடங்கும் நேர்வதைக் காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகளும் எண்ணில் முன்பின்னாக இருந்தாலும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. இந்தக் காயங்களில் பத்துக்கு ஏழு, வேறொருவர் நேரடியாக மோதாமலே, இறங்கும்போதோ ஓட்டத்தின் நடுவே சட்டென்று திரும்பும்போதோ நிகழ்கின்றன.

அறுவை சிகிச்சை இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது, அதன் பின் பல பேர் மீண்டும் ஆடவும் செய்கிறார்கள். ஆனால் 25 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்குத் திரும்பினால் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, அதே காலிலோ மற்றக் காலிலோ, ஜவ்வு இன்னொரு முறை கிழிகிறது. ஜவ்வு கிழிந்து 12 ஆண்டுகள் ஆன ஸ்வீடன் கால்பந்து வீராங்கனைகளை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அவர்களின் சராசரி வயது 31 மட்டுமே. ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்ரே) எடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேரின் முழங்காலில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அறுபது வயதில் வர வேண்டிய வலியை முப்பதில் சுமக்கும் பெண்களுக்குச் சிகிச்சை அளித்தவள் என்ற முறையில், இதைச் சிறிய காயம் என்று கருதிக் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறங்கும்போது உடலில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 40 சென்டிமீட்டர் எகிறிய உடல் நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் வேகத்தில் தரைக்குத் திரும்புகிறது. அந்த வேகத்தை எவ்வளவு தொலைவுக்குள் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே கால்கள் தாங்கும் விசை அமைகிறது. பாதம் பட்ட பிறகு உடலின் எடைமையம் மேலும் 40 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றால், கால்கள் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப் போல 2 மடங்கு. 10 சென்டிமீட்டருக்குள் விறைப்பாக நின்றுவிட்டால் அது 5 மடங்காகிறது. இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து மடங்கும்போது பிட்டம், தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றின் பெரிய தசைகள் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. விறைத்து இறங்கினால் தசைகள் வாங்க வேண்டியதை எலும்பும் குருத்தெலும்பும் நாரும் வாங்குகின்றன.

விறைப்பில் இன்னொரு கேடும் உண்டு. முழங்கால் ஏறக்குறைய நீட்டியிருக்கும் நிலையில் தொடையின் முன்பக்கத் தசை சுருங்கினால், அது கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கிறது. அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டிய பின்தொடைத் தசைகளுக்கு அந்தக் கோணத்தில் பிடிமானம் குறைவு. ஆகவே பாரம் ஜவ்வின் மேல் விழுகிறது. முழங்கால் மடங்க மடங்க நிலைமை ஜவ்வுக்குச் சாதகமாக மாறுகிறது. இதனுடன் முட்டி உள்ளே விழுவதும் சேர்ந்துகொண்டால், அதாவது தொடை உள்நோக்கிச் சாய்ந்து திரும்ப, முட்டி பாதத்தின் நேர்கோட்டைவிட்டு மற்ற முட்டியை நோக்கிச் சரிந்தால், ஜவ்வு ஒரே நேரத்தில் இழுவைக்கும் முறுக்குக்கும் ஆளாகிறது.

ஆண், பெண் வேறுபாடு இங்குதான் தென்படுகிறது. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியிலிருந்து, பாதம் தரையில் செலுத்தும் விசையை அளக்கும் தட்டின்மேல் இறங்கச் செய்து, சுற்றிலும் கேமராக்களை வைத்து அளந்த ஆய்வுகள் ஏராளம். அவற்றில் மிகச் சீராகக் காணப்படுவது, பெண்களின் முட்டி சராசரியாகக் கூடுதல் அளவு உள்ளே சரிகிறது என்பது. பல ஆய்வுகளில் அவர்கள் முழங்காலையும் இடுப்பையும் குறைவாக மடக்கி, முதுகை நிமிர்த்தியபடி இறங்குகிறார்கள். இது எல்லா ஆய்வுகளிலும் ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தசைகள் எழும் வரிசையிலும் வேறுபாடு உண்டு. கீழ்க்கால் எலும்பை முன்னோக்கித் தள்ளிச் சோதித்த 1996ஆம் ஆண்டு ஆய்வில், வீராங்கனைகளின் உடல் முன்தொடைத் தசையை முதலில் அழைத்தது; வீரர்களின் உடல் பின்தொடைத் தசையை முதலில் அழைத்தது. இவை யாவும் சராசரிகள். மிக நேர்த்தியாக இறங்கும் பெண்களும், முட்டி இரண்டும் இடித்துக்கொள்ளும்படி இறங்கும் ஆண்களும் உங்கள் அணிகளிலேயே இருப்பார்கள்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பலரும் எலும்பையும் ஹார்மோனையும் காட்டுவார்கள். பெண்களின் ஜவ்வு சராசரியாகச் சிறியது, அது அமர்ந்திருக்கும் எலும்புப் பள்ளம் குறுகலானது, மூட்டுகள் சற்றுத் தளர்வானவை என்பதெல்லாம் உண்மைதான். ஜவ்வின் உயிரணுக்களில், எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உணரும் ஏற்பிகள் இருப்பதும் 1996இலேயே கண்டறியப்பட்டது. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் காயம் மிகுகிறது என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இவற்றில் எதையும் நீங்களோ நானோ மாற்ற முடியாது என்பதால் நான் இவற்றில் அதிகம் நிற்கவில்லை.

நாம் நிற்க வேண்டிய இடம் பருவமடையும் வயது. ஒன்பது வயதுச் சிறுவனையும் சிறுமியையும் குதித்து இறங்கச் சொன்னால் இருவருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பள்ளி மாணவ, மாணவியர் 181 பேரை அளந்து 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பருவமடைவதற்கு முன் இரு பாலாரின் முட்டி அசைவும் ஒத்திருந்தது. பருவமடைந்த பிறகு மாணவியரின் முட்டி கூடுதலாக உள்ளே சரிந்தது. இதன் காரணம் விளங்காததல்ல. இந்த வயதில் இரு பாலாருக்கும் தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் வேகமாக நீள்கின்றன, எடை கூடுகிறது, எடைமையம் உயர்கிறது. நீண்ட நெம்புகோலைக் கட்டுப்படுத்தக் கூடுதல் வலிமை தேவை. சிறுவனுக்கு டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் அந்தத் தசையைப் பெருமளவு தானாகவே சேர்த்துத் தருகிறது. சிறுமிக்கு உடல் நீள்கிறது, ஆனால் அந்த நீளத்துக்கேற்ற தசை வலிமை பயிற்சியின்றித் தானாக வருவதில்லை. அதே ஆண்டுகளில்தான் பல மைதானங்களில் பையன்கள் எடைப் பயிற்சி அறைக்கு அனுப்பப்படுகிறார்கள், பெண் பிள்ளைகள் "போதும், நீட்சிப் பயிற்சி செய்" என்று ஓரமாக உட்கார வைக்கப்படுகிறார்கள். உடல் கொடுக்காததை நாமும் கொடுக்காமல் விட்டுவிட்டு, பின்னர் உடலைக் குறை சொல்கிறோம்.

இப்படி நான் துணிந்து சொல்வதற்கு நடனக் கலைஞர்கள் ஒரு வலுவான சான்று. தொழில்முறை பாலே, நவீன நடனக் கலைஞர்களை 30 சென்டிமீட்டர் மேடையிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கச் செய்து அளந்தபோது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. நடனக் கலைஞர்களையும் குழு விளையாட்டுக்காரர்களையும் ஒப்பிட்டு 2014இல் வந்த ஆய்வில், முட்டி கூடுதலாக உள்ளே சரிந்தது குழு விளையாட்டு ஆடும் பெண்களுக்கு மட்டுமே. நடனம் ஆடும் பெண்களுக்கும் அதே எலும்பு, அதே ஹார்மோன், அதே இடுப்புதான். சிறு வயதிலிருந்தே ஒவ்வொரு தாவலின் முடிவையும் ஓர் ஆசிரியர் பார்த்துத் திருத்தியிருக்கிறார் என்பதே அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. நடனத்தில் எதிராளி இல்லை, எதிர்பாராத பந்து இல்லை என்று நீங்கள் சொல்லலாம். அது நியாயமான மறுப்பு. ஆயினும் "உடம்பு அப்படித்தான்" என்ற சொல்லுக்கு இந்தச் சான்று இடம் கொடுக்கவில்லை.

ஜவ்வு கிழியும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பயிற்சி முறையையே அது தீர்மானிக்கிறது. பெண்கள் ஹேண்ட்பால் (பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்), கூடைப்பந்து ஆட்டங்களில் நேர்ந்த 10 ஜவ்வுக் காயங்களின் ஒளிப்பதிவுகளைக் கணினியில் மறுஆக்கம் செய்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பாதம் தரையைத் தொட்ட ஏறத்தாழ 40 மில்லிவினாடிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்று கணித்தது. நம் கைபேசி சாதாரணமாக நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிவினாடி. முதல் படத்தில் பாதம் தரையைத் தொடுகிறது, அடுத்த படத்தில் முட்டி ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் தாய் எடுத்த ஒளிப்பதிவில் இதைப் பார்த்தேன். நடந்தது அந்த இரண்டு படங்களுக்கு நடுவிலேயே நடந்து முடிந்துவிட்டது. நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட முறையில்தான் அந்த 40 மில்லிவினாடி ஏறத்தாழப் பத்துப் படங்களாக விரிந்து, தொடை எப்படித் திரும்பியது, பாதம் எப்படித் தரையில் பதிந்தே கிடந்தது என்பதெல்லாம் கண்ணுக்குப் புலப்படும்.

மனிதர் ஒன்றை உணர்ந்து, தீர்மானித்து, தசையை அசைக்க இதைவிடப் பல மடங்கு நேரம் தேவை. ஆகவே இறங்கிய பின் எந்த வீராங்கனையும் தன் முட்டியைத் திருத்திக்கொள்ள முடியாது. காற்றில் இருக்கும்போதே தசைகள் தயாராகியிருக்க வேண்டும், அந்தத் தயார்நிலை நினைத்துச் செய்வதாக இல்லாமல் பழகிப் பழகித் தானாக வருவதாக இருக்க வேண்டும். களத்தின் ஓரத்திலிருந்து "பார்த்து இறங்கு" என்று நாம் கத்துவதால் பயனில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

பழக்கினால் மாறுகிறதா என்றால், மாறுகிறது. ஸ்வீடனில் 12 முதல் 17 வயது வரையுள்ள 4,564 கால்பந்துச் சிறுமிகளைக் கொண்டு நடத்தி 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதி அணிகளுக்கு வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், ஆறு பயிற்சிகள் தரப்பட்டன: ஒற்றைக் கால் குந்தல், இரு கால் குந்தல், இடுப்பைத் தூக்குதல், முன்னங்கையில் உடலைத் தாங்குதல், முன்னடி வைத்துத் தாழ்தல், குதித்து இறங்குதல். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஜவ்வுக் காயத்தின் வீதம் 64 விழுக்காடு குறைந்தது. எண்ணிக்கையில் சொன்னால், பயிற்சி பெறாத அணிகளில் 14 பேர், ஆட்டக்காரிகள் கூடுதலாக இருந்த பயிற்சி பெற்ற அணிகளில் 7 பேர். சிறிய எண்கள்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் இத்தகைய பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வுகளும், மோதலின்றி நேரும் ஜவ்வுக் காயம் பெண்களிடம் பாதிக்கு மேல் குறைவதையே காட்டுகின்றன. முறையாக, விடாமல் செய்த அணிகளுக்குப் பலன் கூடுதல்; பதின்வயதின் முற்பகுதியிலேயே தொடங்கியவர்களுக்கும் பலன் கூடுதல். போட்டிப் பருவம் தொடங்கியதும் "நேரமில்லை" என்று இந்தக் கால் மணி நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறோம்.

சொல்லிக் கொடுக்கும் விதத்தில் என் அனுபவத்திலிருந்து சிலவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன். முதல் சில வாரங்கள் பந்தைக் கொடுக்காதீர்கள். முழங்கால் உயரத்துக்கும் குறைவான பெட்டியிலிருந்து இரு காலில் இறங்கி, இறங்கிய நிலையிலேயே மூன்று எண்ணும் வரை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். நின்ற பிறகு முட்டி பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கிறதா, இடுப்பு பின்னால் சென்றிருக்கிறதா, இரு காலிலும் எடை சமமாக இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் கேளுங்கள்: விறைத்து இறங்குபவளின் பாதம் பலகையில் தட்டுவது போல ஓசை எழுப்பும், மடங்கி இறங்குபவளின் ஓசை அடங்கியிருக்கும். "முட்டியை இத்தனை பாகை மடக்கு" என்று சொல்வதைவிட "ஓசை வராமல் இறங்கு" என்று சொல்வது பிள்ளைகளுக்கு விரைவாகப் பிடிபடுகிறது. அப்படிச் சொன்ன மாத்திரத்திலேயே தரையின் எதிர்விசை குறைவதைச் சோதனைகளும் காட்டியுள்ளன. ஓசையடங்கி இறங்குபவளின் முட்டியும் உள்ளே சரியக்கூடும் என்பதால், காதுடன் கண்ணும் வேண்டும்.

பிறகு ஒற்றைக் காலுக்குப் போங்கள். பிறகு காற்றில் இருக்கும்போது தோளில் இலேசாகத் தள்ளுங்கள், பந்தை எதிர்பாராத பக்கத்திலிருந்து எறியுங்கள், இறங்கிய உடனே ஓடச் சொல்லுங்கள். ஆட்டத்தில் எவளும் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குவதில்லை. அவள் கண் பந்தின்மேல் இருக்கும். கவனம் வேறெங்கோ இருக்கும்போதும் முட்டி நேராக நின்றால்தான் பழக்கம் படிந்துவிட்டது என்று கொள்ளலாம். இவற்றுடன் பிட்டத் தசைக்கும் பின்தொடைத் தசைக்கும் வலிமைப் பயிற்சி தவறாமல் சேர வேண்டும், ஏனெனில் வலுவில்லாத இடுப்பால் நல்ல வடிவத்தை ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நேரம் வரை தாங்க முடியாது.

சங்கப் பொறுப்பாளர்களிடம் குறிப்பாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். குதித்து இறங்கும் சோதனை ஒன்றை நடத்தி, யாருக்குக் காயம் வரும் என்று முன்கூட்டியே கண்டறிந்து, அவர்களை மட்டும் தனியே பிரிக்கலாம் என்ற யோசனை பல இடங்களில் எழுகிறது. அதற்கு அடிப்படை உண்டு: 205 வீராங்கனைகளைப் போட்டிப் பருவத்துக்கு முன்பே அளந்து வைத்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், பின்னர் ஜவ்வு கிழிந்த 9 பேரின் முட்டி, மற்றவர்களுடையதைவிட 8 பாகை கூடுதலாக உள்ளே சரிந்திருந்தது. ஆனால் நார்வேயில் 710 உயர்நிலைக் கால்பந்து, ஹேண்ட்பால் வீராங்கனைகளை இப்படிச் சோதித்துப் பின்தொடர்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, காயப்படப் போகிறவரை இந்தச் சோதனையால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை என்று காட்டியது. எனவே சோதனை மதிப்பெண்ணைக் காட்டி எந்தப் பெண்ணையும் அணியிலிருந்து விலக்காதீர்கள். நல்ல மதிப்பெண் பெற்றாள் என்பதற்காக எவளையும் பயிற்சியிலிருந்து விடுவிக்கவும் வேண்டாம். கற்பிப்பது அனைவருக்கும் பொதுவாகட்டும். சோதனை, கற்றது பதிந்ததா என்று பார்க்க மட்டும் பயன்படட்டும்.

நம் நாவைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 13 வயதுப் பிள்ளையிடம் "உன் இடுப்பு அகலம், அதனால்தான் முட்டி வளைகிறது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பின் அகலமோ, தொடைக்கும் முட்டிக்கும் இடையிலான கோணமோ மட்டும் காயத்தைத் தீர்மானிப்பதாக ஆய்வுகள் நிறுவவில்லை. தன் உடலைப் பற்றி ஏற்கெனவே கூச்சப்படும் வயதில் அந்தச் சொல் எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதைச் சிகிச்சை மேசையில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை ஓராண்டு சிகிச்சை பெற்று முழுமையாகக் குணமான பிறகும், தன் உடல் விளையாட்டுக்கு ஏற்றதல்ல என்று நம்பி ஆட்டத்தை விட்டுவிட்டாள். எந்தத் தசை வலுப்பட வேண்டும், எந்த அசைவு பழக வேண்டும் என்று சொல்லுங்கள். உடலமைப்பைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.

ஆகவே, பயிற்சியாளர் சான்றிதழுக்கான பாடத்தில் எகிறுதலுக்கு ஒதுக்கும் நேரத்துக்கு இணையாக இறங்குதலுக்கும் நேரம் ஒதுக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 10 வயது முதல் எல்லாப் பெண்கள் அணிகளிலும், முடிந்தால் ஆண்கள் அணிகளிலும், வாரம் இரு முறை கால் மணி நேரம் இந்தப் பயிற்சி போட்டிப் பருவம் முழுவதும் நடக்க வேண்டும் என்று விதி வகுத்து, நடந்ததா என்பதையும் பதிவேட்டில் குறிக்கச் செய்யுங்கள். எடைப் பயிற்சி அறையின் நேர அட்டவணையில் பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு கொடுங்கள். பயிற்சியாளர்களே, நாளை மாலை உங்கள் அணி வந்ததும் ஒவ்வொருவரையும் ஒரு முறை குதித்து இறங்கச் சொல்லி, கைபேசியை மெதுவோட்ட முறையில் வைத்து, முட்டியின் உயரத்தில், நேர் எதிரே நின்று பதிவு செய்யுங்கள். அன்றைய பயிற்சியை அந்தப் பதிவை அவர்களுடன் சேர்ந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கைப்பந்து ஆட்டக்காரியான ஓர் இயன்முறை மருத்துவர்